ஒற்றை ஷூ

துப்பாக்கி வெடித்ததும்
என் உடம்பு முதலில் பயப்படும்,
பிறகுதான் ஓடும்.
பதினான்கு வருடம், எந்த ஊர் மைதானமானாலும்,
அந்த அரை நொடியை
மற்றவர்களுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டே கிளம்பினேன்.
ரெதெயெஃப்காரி கடனை விடமாட்டாள்.
ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்
வசூலுக்குப் போதுமான தூரம்.

நான் நடக்கவே மாட்டேன் என்று
டாக்டர் கைவிரித்ததாகப் பேப்பரில் போட்டார்கள்.
அவர் கைவிரிக்கவில்லை. 'பார்க்கலாம்' என்றார்,
அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது.
வலது கை மடங்கி, கோழி இறக்கை மாதிரி விலாவில் ஒட்டியிருக்க
பாஸ்பேட் ரயிலோடு ஓட ஆரம்பித்தேன்.
ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும், நானும்.
நாற்பத்தோரு பெட்டி என்னைக் கடந்துபோனால் ஒரு கிலோமீட்டர்.
நல்ல நாளில் முப்பத்தைந்துதான் கடக்கும்.
வீட்டுக்கு வந்து துப்பினால் எச்சில் சாம்பல் நிறம்.

வலது கால் தரையைக் கிழித்துக்கொண்டுதான் வரும்.
மாதம் ஒரு ஷூ நுனியில் வாய் பிளக்கும்.
இடது ஷூ அப்படியே புதுசு.
கட்டிலுக்கடியில் பத்தொன்பது இடது ஷூக்கள்,
எல்லாம் சுவரைப் பார்த்தபடி.

பிறகு ஐஸ்தே வந்தாள், கௌனாஸிலிருந்து.
அவளுக்கு இழுப்பது இடப்பக்கம்.
தடமோ எப்போதும் இடப்பக்கமே திரும்புகிறது:
வளைவில் தொலைத்ததை
நேர்க்கோட்டில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வாள்.
தோளோடு தோள் ஓடும்போது
கண்ணாடியிலிருந்து இறங்கி வந்தவள்
என்னை முந்தப் பார்க்கிற மாதிரி இருக்கும்.
ஒரு முறை முந்தினாள். இரண்டு முறை நான்.
பெர்லினில், வாந்தி எடுத்து முடித்துப்
புல்லில் கிடந்தபோது
என் பாதத்தோடு பாதம் வைத்து அளந்தாள்.
முப்பத்தெட்டு. அவளுக்கும் முப்பத்தெட்டு.

அன்றிலிருந்து தபாலில் வலது ஷூக்கள் வரும்,
இடது ஷூக்கள் போகும்.
சுங்கத்தில் ஒருவர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்:
'இன்னொன்று எங்கே?'
'லிதுவேனியாவில், ஐயா.'
மதிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது வருடம் என்னை மேசையில் படுக்கவைத்து
முழங்காலை மடக்கினார்கள், நீட்டினார்கள்,
சுத்தியால் தட்டினார்கள்,
கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடச் சொன்னார்கள்.
மூன்று பேர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.
என் மூளை முடக்குவாதம் போதாதாம்.
இத்தனை வருடம் ஓடி ஓடி
நானே அதைக் குறைத்துவிட்டேனாம்.
வாழ்த்துச் சொல்கிற குரலில் சொன்னார்கள்.

வேறு வகுப்பு. வேகமான பெண்கள்.
அங்கே கடனைத் திருப்பித் தருபவர் யாருமில்லை:
ஐந்தாவது, ஏழாவது, ஏழாவது.
பிறகு ஒரு கடிதம்.
என் வகுப்புக்கு அந்தத் தூரத்தையே எடுத்துவிட்டார்கள்.
கால் இருக்கிறது, மூச்சு இருக்கிறது,
பட்டியலில் பந்தயம் இல்லை.

இப்போது தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறேன்,
இடது கையால்.
நானே எழுப்பும் சத்தம், உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை.

போன வாரம் கௌனாஸிலிருந்து பார்சல்.
நான் நிறுத்தியது அவளுக்குத் தெரியும்.
அவள் மார்ச்சில் நிறுத்தியது எனக்குத் தெரியும்.
உள்ளே ஒரு வலது ஷூ, மண் படாதது,
லேஸ் கோத்து, முடிச்சுப் போடாமல்.
வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுக்
கவுன்டருக்குப் பின்னால் குனிந்து போட்டேன்.
நிமிர்கிற நேரம் பார்த்து
யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.

உடம்பு பயந்தது.
பிறகு, வழக்கம்போல,
இடது கால் ஓரடி முன்னால் போய்விட்டது.